தரவுத்தளத்துக்கு வழி திறத்தல்

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வர். மாரியில் வெள்ளம் மேவிப் பாயுமாயின் இக்கரையார் இக்கரையிலும் அக்கரையார் அக்கரையிலும் நிற்க வேண்டியதுதான். இணையப் பக்கமும் தரவுத்தளமும் அத்தகைய இரு கரைகளே. நம் கண்ணுக்குத் தெரிவது பக்கம். பெயர்களும் கணக்குகளும் உறைவது தரவுத்தளம். இவற்றிடையே வழி திறப்பது எங்ஙனம் என மாணவர் சிலர் வினவினர். அதனையே இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

இது கணினி கற்றார்க்கு மட்டும் உரிய சங்கதி அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர் உளர் என்பதை ஓரிடத்தில் தேடிக் காண வழியில்லை. அவ்வேளை இலங்கையின் மென்பொருள் அறிஞர்கள் தொண்டர்களாய்க் கூடிச் சில வாரங்களுள் 'சஹானா' என்னும் முறைமையை ஆக்கினர். அச்சொல்லுக்குச் சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பி.எச்.பி. என்னும் இணையமொழியும் மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளமுமே அதற்கு அடிப்படை. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது.

இத்தகைய முறைமையில் தாய் ஒருத்தி மகனின் பெயரை எழுதித் தேடும்போது முதலில் நிகழ்வது தொடர்பு திறத்தலே. பக்கம் நான்கு செய்திகளைச் சொல்லல் வேண்டும்: வழங்கி இருக்குமிடம், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர். கச்சேரிப் பதிவறைக்குச் செல்வோர் தாம் யார், எப்பதிவேடு வேண்டும் என்று சொல்வது போன்றதே இது. வழங்கி வழக்கமாக 3306ஆம் இலக்க வாயிலில் காத்திருக்கும்.

பழைய நூல்களைப் பார்த்துப் பயில்வோர் 'மை எஸ்.கியூ.எல். கனெக்ட்' என்ற கட்டளையை இன்றும் எழுதுகின்றனர். 2015இல் வெளிவந்த பி.எச்.பி. 7ஆம் பதிப்பிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. இன்று 'மை எஸ்.கியூ.எல். ஐ.' அல்லது 'பி.டி.ஓ.' கொண்டே திறத்தல் வேண்டும். எமக்குப் பி.டி.ஓ. உவப்பானது; பின்னர் வேறு தரவுத்தளத்துக்கு மாற நேரினும் எழுதியவற்றுட் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும்.

தமிழர்க்கு ஐந்தாவது செய்தி ஒன்றும் உண்டு. அதுவே எழுத்துமுறை. தொடர்பு திறக்கும்போதே 'யு.ரி.எவ்.8 எம்.பி.4' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாதுவிட்டுத் தொடர்பு இலத்தீன் எழுத்துமுறையில் திறக்குமாயின், தரவுத்தளத்தில் செம்மையாய் உறையும் பெயரும் கேள்விக்குறிகளாகவே வந்து சேரும். 'நாவிதன்வெளி' என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்கோ உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி ஆதலின் 11 குறியீடுகள். ஆகவே 11 கேள்விக்குறிகள். இம்மட்டில் பெயர் அழியவில்லை. அகத்தே பத்திரமாகவே இருக்கும். ஆனால் அலுவலர் ஒருவர் அப்பக்கத்தில் முகவரியைத் திருத்தி முழுப் பதிவையும் சேமித்தாரோ, கேள்விக்குறிகளே உள்ளே சென்று அமரும், பெயர் போயிற்று. மை எஸ்.கியூ.எல். தானும் 2018இல் வந்த 8.0 பதிப்பிலேதான் இவ்வெழுத்துமுறையை இயல்பாக ஏற்றது. பழைய வழங்கிகளில் இன்றும் விழிப்பு வேண்டும்.

கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதி வைப்பது திறப்பைக் கதவிலே தொங்கவிடுவதாகும். இணையத்தார் எட்டாத வேறு கோப்பில் வைத்து அங்கிருந்து எடுக்க வேண்டும். 'ரூட்' என்னும் தலைமைப் பயனராக நுழைவதும் வேண்டா. அப்பக்கத்துக்கு வேண்டிய உரிமை மட்டும் உடைய பயனரை ஆக்குக. தொடர்பு கிட்டாதபோது எழும் பிழைச்செய்தியில் பயனர் பெயரும் கோப்பின் இருப்பிடமும், சிலவேளை கடவுச்சொல்லுமே வெளிப்படும். அதனைப் பிடித்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, 'சற்றுப் பொறுத்து வருக' என்று மட்டும் வாசகருக்குக் காட்டுதல் முறை.

வழங்கி ஒரே வேளையில் இயல்பாக ஏற்கும் தொடர்புகள் 151. பெரிதாகத் தோன்றினும், பேரிடர் நாளில் ஊரே தேட முற்பட்டால் நொடியில் நிறைந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் புதுத் தொடர்பு திறக்கும் பக்கம் பிறர் இடத்தையும் விழுங்கும். ஒருமுறை திறந்து, எல்லா வினாக்களையும் அதன்வழியே அனுப்புக. பக்கம் முடிந்ததும் பி.எச்.பி. தானே அதனை மூடிவிடும்.