எக்ஸ்ரே டெக்னீஷியன் அணியும் பேட்ஜ்: கணக்கு எப்போது தப்பாகும்?

கிளியனூரிலிருந்து திண்டிவனமோ புதுச்சேரியோ போய் எக்ஸ்ரே எடுத்தவர்கள், டெக்னீஷியன் மார்பில் ஒரு சின்ன பேட்ஜைப் பார்த்திருக்கலாம். அதுதான் டி.எல்.டி. பேட்ஜ். எக்ஸ்ரே உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. அவருக்கு வருஷம் முழுக்க அதே அறை.

பேட்ஜுக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று இருக்கும். படுகிற கதிர்வீச்சின் ஆற்றலை இவை பிடித்து வைக்கும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக வெளிவரும்; அதை அளந்துதான் அவர் வாங்கிய அளவைச் சொல்கிறார்கள். வரம்பு, 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

வில்லைகளைவிடப் பழக்கத்தில்தான் சிக்கல் அதிகம். பேட்ஜை எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால், ஆள் வாங்காத கதிர்வீச்சும் அவர் கணக்கில் ஏறும். டிராயரில் கிடந்தால் வாங்கியதே பதிவாகாது. ஈய ஏப்ரனுக்கு வெளியே குத்தினால், உடம்பில் பட்டதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் அணியணும். கழித்துப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் பேட்ஜை கதிர்வீச்சு உள்ள இடத்தில் வைத்தாலோ, எல்லோர் கணக்கும் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பூஜ்யமே வருகிறதா? பேட்ஜ் எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்க.

இன்னொன்று, இது அலாரம் அடிக்காது. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறார்கள். உடனே எச்சரிக்க வேறு கருவி வேண்டும். 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் 6 ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானபோது, அந்த இடத்தில் அப்படியொரு கருவி இல்லை.