நூலுக்கும் மஷூரா தேவை

நம் சமூகத்தில் நூல்கள் வெளிவருவதற்குக் குறைவில்லை. ஊர் வரலாறு, பள்ளிவாசல் வரலாறு, ஹஜ் பயண அனுபவம், மறைந்த பெரியவரின் வாழ்க்கைக் குறிப்பு, சிறுகதைத் தொகுப்பு எனப் பலவும் எழுதப்படுகின்றன. சொந்தப் பணத்தில் அச்சிட்டு, விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி வெளியிடுகிறோம். பின்னர் அவற்றுள் பல, கட்டுப் பிரிக்கப்படாமலே பரணில் தங்கிவிடுகின்றன. மக்களிடம் வாசிக்கும் பழக்கம் போய்விட்டது என்று குறைபட்டுக்கொள்கிறோம். முதல் பிரதியே அச்சுக்குப் போய்விடுவதுதான் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

எடிட்டர் என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பவர் என்றே பலரும் எண்ணுகிறோம். அது மெய்ப்புத் திருத்துபவரின் பணி, கடைசியில் வருவது. அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்விகள் உண்டு. இந்நூல் எதைச் சொல்ல வருகிறது? எங்கிருந்து தொடங்க வேண்டும்? எந்த அத்தியாயம் தேவையற்றது? எது விரித்து எழுதப்பட வேண்டும்? இவற்றைக் கேட்பவரே உள்ளடக்க எடிட்டர். அவர் நமக்காக எழுதித் தருபவரல்லர். நம்மையே மீண்டும் எழுதவைப்பவர்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்று. 1957இல் அவருடைய முதல் நாவலின் பிரதி லிப்பின்காட் பதிப்பகத்தை அடைந்தது. நியூயார்க்கிலிருந்து சொந்த ஊர் திரும்பும் இளம்பெண் ஒருத்தியின் கதை அது. பதிப்பகத்தின் எடிட்டர் டே ஹோஹாஃப் அதில் திறமையைக் கண்டார். ஆனால் அது முழுமையான நாவலாக உருப்பெறவில்லை, துண்டுத் துண்டான நிகழ்ச்சிகளாகவே நிற்கிறது என்றும் கண்டார். அப்பெண்ணின் குழந்தைப்பருவ நினைவுகளில்தான் நூலின் உயிர் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக லீ திரும்பத் திரும்ப எழுதினார். 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. பழைய பிரதியும் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற பெயரில் 2015இல் அச்சாகிவிட்டதால் இரண்டையும் நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் பிரதியில் சுருக்கமாகக் கடந்துபோகும் ஒரு நீதிமன்ற வழக்கு, பிந்திய நாவலின் முதுகெலும்பாகிவிட்டது.

நம் நூல்களிலும் அப்படி ஒரு வரி எங்கேனும் ஒளிந்திருக்கும். பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பலேறிப் பொருளீட்டிய பாட்டனாரின் வரலாற்றை ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். வாழ்த்துரைகளும் அணிந்துரைகளும் இருபது பக்கம். "அக்காலத்தில் பாட்டியார் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டார்கள்" என்பது ஒரே வரி. வரும் கடிதங்களையும் காசையும் நம்பி, ஆண் துணையின்றிப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பெண்ணின் வாழ்வு அந்த ஒரு வரிக்குள் புதைந்துவிடுகிறது. "இங்கே ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வி இன்று கேட்கப்படாவிட்டால், விடை சொல்லக்கூடிய பெரியவர்கள் நாளை இருக்கமாட்டார்கள்.

தம் உழைப்பைப் பிறர் பார்வைக்கு வைப்பது நம் மரபுக்கு அந்நியமன்று. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பை ஹதீஸ் கலை மேதை அபூ ஸுர்ஆ அர்ராஸீ (ரஹ்) அவர்களிடம் காட்டி, குறையுள்ளவை என அவர் சுட்டியவற்றை விட்டுவிட்டதாக அறிஞர்கள் பதிவுசெய்துள்ளனர். அறிவிப்புகளை ஆய்வதும் ஒரு கதையைச் செம்மைப்படுத்துவதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் வேண்டிய பணிவு ஒன்றே.

வெளியாள் கைவைத்தால் வாப்பாவும் உம்மாவும் பெத்தும்மாவும் நம் எழுத்திலிருந்து மறைந்துவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அது நியாயமான அச்சமே. நல்ல எடிட்டர் அச்சொற்களின் பொருளைக் கேட்பார், அழிக்கமாட்டார். முடிவு எழுதியவருடையது என்பதையும், கட்டணம், காலம், பணியின் எல்லை ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பிரதியை முழுமையாக எழுதி முடித்த பின்னரே கொடுங்கள். நூல் யாருக்காக, எதற்காக என்று ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய கருத்து வந்த அன்றே பதில் சொல்லாதீர்கள். சில நாள் கழித்து, உடனே ஏற்பவை, யோசிக்க வேண்டியவை, ஏற்க இயலாதவை என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் மாற்றம் பிடிக்காவிட்டாலும், அவர் தடுமாறிய இடத்தை மறுபடி வாசியுங்கள்; அங்கே ஏதோ குறை இருக்கக்கூடும். முதலில் அமைப்பு, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை என்ற வரிசை மாறவேண்டாம்.

செலவு ஒரு தடைதான். ஆனால் மண்டபத்திற்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பிரதிக்கும் ஒதுக்கலாம். அதற்கும் இயலாதோர், நன்கு வாசிக்கும் இருவரிடம், உறவினர் அல்லாத இருவரிடம், பிரதியைக் கொடுத்து எங்கே சலித்தது என்று மட்டும் கேட்கட்டும். திருமணம், வியாபாரம், வீடு கட்டுதல் எல்லாவற்றுக்கும் மஷூரா செய்கிறோம். நமக்குப் பின்னும் நம் பெயரோடு நிற்கப்போகும் நூலுக்கு அதைச் செய்யாதிருப்பது முறையன்று.