பாறை மேல் ஏறினால்தான் சிக்னலா?

கண்டி டவுனில் நிற்கும்வரை போனில் எல்லாம் ஓடும். தெல்தோட்டைப் பக்கம் பஸ் ஏறி, எங்க தோட்டத்து லயத்துக்குப் போனால் சிக்னல் காணாமல் போயிடும். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக நாங்கள் பாறை மேல் ஏறி உட்கார்ந்ததை இன்னும் மறக்கல.

வெளிநாட்டு முதலீடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லல. 1989இல் செல்டெல் வந்தது. 1995இல் மலேசியப் பணத்தில் டயலொக், 2009இல் இந்தியாவின் எயார்டெல். இவர்கள் போட்டி போட்டதால்தான் கோல் கட்டணம் இறங்கியது. கொழுந்து பறிக்கும் எங்கள் அம்மாமார் கையிலும் போன் வந்தது.

இப்போ கதை வேற. செல்டெல் பேர் மாறி எடிசலாட்டாகி, 2018இல் ஹொங்கொங் கம்பனியான ஹட்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. எஸ்.எல்.டி. மொபிட்டலையும் சேர்த்தால் மிச்சம் மூன்றே கம்பனி.

போட்டி இருந்தப்பவே லயத்துப் பக்கம் வராத டவர், போட்டி குறைஞ்ச பிறகு தானாக வருமா? ஆள் கூடும் இடத்துக்குத்தான் முதலீடு போகும், அது வியாபாரம். ஆனால் அலைவரிசை நாட்டுச் சொத்து. அதைக் கொடுக்கும்போதே, எந்தெந்தத் தோட்டத்துக்கு எத்தனை வருஷத்தில் சிக்னல் வரும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு எழுதி வாங்கணும். எத்தனை டொலர் வந்தது என்ற கணக்கோடு, எத்தனை தோட்டத்துக்கு டவர் வந்தது என்ற கணக்கையும் எங்களுக்குச் சொல்லணும்.