டேட்டா ஓகே... வாய் திறக்கணுமே!

திருப்பூர்:- கொரோனா காலத்தில், ஆன்லைன் வகுப்புக்காக 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவ, மாணவிகளுக்கு தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தது தமிழக அரசு.

டேட்டா மட்டும் போதுமா? மத்திய அரசின் ‘ஸ்வயம்’ ஆன்லைன் படிப்பில் வீடியோ, பாடக்குறிப்பு, தேர்வோடு கலந்துரையாடலும் ஒரு பகுதி.

ஆனால், பனியன் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பயம். தப்பா சொன்னா சிரிப்பாங்களோன்னு கூச்சம். ஒற்றை அறை வீட்டில் மைக் ஆன் பண்ணவே தயக்கம்.

“புரிஞ்சுதா?” என்று பொதுவாக கேட்டால் பதில் வராது. ‘ஒரு டி-சர்ட்டுக்கு துணி, சாயம், பீஸ் ரேட் சேர்த்து அடக்க விலை எவ்வளவு?’ என்று வணிகவியல் வாத்தியார் கேட்கட்டும். தமிழில் சொல்லலாம், டைப் அடிச்சாலும் போதும் என்று சொல்லட்டும். அப்பா ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கா பீஸ் ரேட் தெரியாது?