கருந்துளையால் நெல் விளையுமா?

எமது கல்லூரியின் விழாச் செயற்குழுக் கூட்டமொன்றிலே அன்பர் ஒருவர் என்னை நோக்கி, "மாஸ்ரர், உந்தக் கருந்துளையாலே நெல் விளையுமோ?" என்று வினவினார். நூலகத்திற் பௌதிக நூல்களுக்கெனத் தனி அலுமாரி ஒன்று வைத்து, ஈர்ப்பு, அண்டத்தின் தோற்றம் முதலியன பற்றி உயர்தர வகுப்பு மாணவர் கூடிப் படித்தற்கு வழிசெய்தல் வேண்டுமென நான் விடுத்த வேண்டுகோளே அவரை அவ்வாறு கேட்கத் தூண்டியது. எல்லோரும் சிரித்தனர், நானுஞ் சிரித்தேன். ஆயினும் அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. வசதி குறைந்த நாம் உடனடிப் பயன் தராத ஆராய்ச்சியைச் செல்வ நாடுகளுக்கு விட்டுவிடலாகாதோ என்பதே அவர் கருத்து. அது தவறான கருத்து என்பது என் துணிபு.

கல்கத்தாவிலே 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமல் குமார் ராய்சௌத்ரி என்னும் இளைஞர் ஓர் ஆய்வகத்திற் பணிபுரிந்தார். அங்கு அவருக்கு இடப்பட்ட வேலை உலோகங்களின் இயல்பை ஆராய்வது. அவர் மனமோ ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையில் இருந்தது. இடப்பட்ட வேலைக்கு அப்பால், பெரும்பாலும் தனித்திருந்தே, அவர் அதனை ஆராய்ந்தார். கடதாசியும் எழுதுகோலுமே அவருடைய கருவிகள்.

அந்நாளில் அறிஞரை மயக்கிய சிக்கல் ஒன்றிருந்தது. ஒரு விண்மீன் தன் ஈர்ப்பினாலேயே ஒடுங்கிச் சிறுத்துக்கொண்டு போகுமாயின் ஒரு கட்டத்தில் ஒளியும் அதைவிட்டு வெளியேறமாட்டாது. எமது சூரியன் அந்நிலையை எய்துவதற்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர் ஆரைக்குள் ஒடுங்குதல் வேண்டும். அதற்குள்ளே பொருள் யாவும் அளவிறந்த அடர்த்தியுடன் ஒரு புள்ளியிற் சென்று முடியும் எனக் கணக்குக் காட்டியது. ஆனால் அக்கணக்கு முழுநிறைவான கோளத்துக்குச் செய்த கணக்கு. மெய்யுலகில் எப்பொருளும் அத்துணை ஒழுங்காக இராது. சிறிது கோணல் இருப்பின் இவ்விபரீதம் நேராது என்று பலர் தம்மைத் தேற்றிக்கொண்டனர்.

எம்மூர்க் கிணறொன்றின் வாயிலே இரு கற்களை அருகருகே ஒரே வேளையில் விடுவதாகக் கொள்வோம். இரண்டும் பூமியின் நடுவை நோக்கியே விழுதலால், விழ விழ அவற்றின் இடைவெளி, கண்ணுக்குப் புலனாகாதெனினும், சிறிது குறையும். இரு கற்களுக்குப் பதிலாகத் துகட்கூட்டமொன்றை எண்ணுக. அது கோளமாயிருத்தல் வேண்டுமென்ற நிபந்தனை எதுவுமின்றி, அதன் பருமன் எவ்வாறு மாறும் என்பதை ராய்சௌத்ரி ஒரே சமன்பாட்டில் அடக்கி 1955இல் வெளியிட்டார். சுழற்சி சுருக்கத்தை எதிர்க்கும். ஈர்ப்பு அதனை வளர்க்கும். கூட்டத்தின் உருத்திரிபும் அதனை வளர்க்கும். அஃதாவது, காப்பாற்றும் என்று நம்பியிருந்த கோணலே வீழ்ச்சியை விரைவுபடுத்தக் கூடும்! நான் முதன்முறை இதைப் படித்த அன்று இரவு உறங்கவில்லை.

இக்கருத்து வழியே ரொஜர் பென்றோஸ் 1965இல், ஒடுக்கம் ஓர் எல்லையைக் கடந்தபின் ஒருமைப் புள்ளி தவிர்க்கவியலாதது என நிறுவினார். ஸ்ரீபன் ஹோக்கிங் அவ்வாதத்தைப் பின்னோக்கித் திருப்பி அண்டத்தின் தொடக்கத்துக்கும் பொருத்தினார். பென்றோசுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ராய்சௌத்ரி 2005இலேயே காலமாகிவிட்டார்.

ஒருமைப் புள்ளி என்பது ஒரு பொருளன்று. சமன்பாடு தன் இயலாமையை ஒப்புக்கொள்ளும் இடம். அவ்விடத்திலே சக்திச் சொட்டுக் கொள்கை, இந்நாளிற் குவாண்டம் என வழங்குவது, துணைக்கு வருதல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் முழுமையான கொள்கை இன்னும் எவர் கைக்கும் எட்டவில்லை. 1974இல் ஹோக்கிங் கருந்துளையும் சிறிது வெப்பத்தை வெளிவிடும் எனக் கணித்தார். அங்ஙனமாயின் அது மெல்ல மெல்ல ஆவியாகி மறைதல் வேண்டும். உள்ளே விழுந்தவை பற்றிய செய்தி அதனோடு அழியுமா? அழியும் என்று அவர் 1976இல் வாதிட்டார். 2004இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாம் உலகறிய நிறுவிய முடிபை உலகறியவே கைவிட்ட அந்நேர்மையை, எந்தத் தேற்றத்திலும் மேலாக மதிக்கிறேன். செய்தி தப்பி வெளிவரும் என்பதற்குச் சார்பான கணக்குகள் 2019 முதல் வந்துள்ளன. எவ்வழியால் என்பதிலே இன்றும் ஒருமிப்பு இல்லை.

எதிர்வாதத்தின் வலிமையை நான் மறைக்கவில்லை. சூரியனளவு திணிவுள்ள கருந்துளையின் வெப்பநிலை, தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. அதனை அளந்தவர் எவருமில்லர். இத்துறையில் வெறும் சமன்பாட்டு விளையாட்டாய் முடிவனவும் உள. ஆனால் எது விளையாட்டு, எது விதைநெல் என்பதை முன்கூட்டி அறிவார் யார்? பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா, அதிர்வுற்ற கருந்துளை தட்டிய மணிபோலச் சிறிதுநேரம் ஒலித்து அடங்கும் என்பதை 1970இற் கணக்கிலே கண்டார். அப்பொழுது கருந்துளை உண்டோ என்பதே ஐயம். 2015 செப்ரெம்பர் 14ஆம் நாள், 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் மோதி இணைந்த ஈர்ப்பலை அமெரிக்கக் கருவிகளிற் பதிந்தபோது, இறுதியில் அவ்வடங்கும் அதிர்வு தெரிந்தது. அறிவித்தல் வந்தபோது அவர் உயிருடன் இருந்தார் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சி.

நெல் பற்றிக் கேட்ட அன்பருக்கு வேறொரு விடையும் கூறலாம். அவருடைய கைத்தொலைபேசி வழிகாட்டுவதற்கு உதவும் செய்மதிகளின் கடிகாரங்கள், ஐன்ஸ்ரைனின் கொள்கைப்படி நாளொன்றுக்கு 38 மைக்குரோசெக்கன் திருத்தப்படாவிடின் வழி தவறும். ஆயினும் அவ்விடையை நான் பெரிதும் நம்பியிருக்கவில்லை. பயனைக் காட்டித்தான் அறிவுக்கு இடம் கேட்க வேண்டுமெனின், ராய்சௌத்ரி உலோகத்தோடு நின்றிருப்பார்.

என் வாதம் செலவு பற்றியது. ஈர்ப்பலையை அளக்கும் கருவி எமக்கு எட்டாதது, மெய்தான். கோட்பாட்டுப் பௌதிகமோ ஆராய்ச்சிகளுள் மிக மலிவானது. 1991 முதல் இத்துறைக் கட்டுரைகள் இணையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. கேம்பிரிச்சில் இருப்பவன் இன்று காலை படிப்பதை எம் மாணவனும் இன்று காலை படிக்கலாம். அவனுக்கு இல்லாதது ஓய்வு. பள்ளிக்கூடம் விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிய மற்றொரு வகுப்பு. பொறியியல் கிடைக்காதவன் போகும் இடமாகவே விஞ்ஞானபீடத்தைப் பெற்றோர் காண்கின்றனர். சென்ற ஆண்டு ஒரு மாணவன், கருந்துளைக்குள் விழும் கடிகாரம் என்ன நேரங் காட்டும் என்று என்னைக் கேட்டான். "இது சோதனைக்கு வராது, தம்பி" என்று நானே சொல்லிவிட்டேன். அவன் அதன்பின் எதுவுங் கேட்கவில்லை.

ஆகவேதான் அந்த அலுமாரியும், தவணைக் காலத்துச் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலமும் கேட்டேன். என்னிடமுள்ள நூல்களைத் தருவதாகவும் எழுதிக்கொடுத்துள்ளேன். அடுத்த கூட்டத்தில் ஆராய்வதாகச் செயற்குழு கூறியிருக்கிறது. அந்த மாணவனுக்கு அதற்கிடையில் விடை சொல்ல வேண்டும். இன்று பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறேன்.