‘செட்’ என்னும் மயக்கச் சொல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் முகம் வாடி வந்தான். “ஒரு செட் கொண்டு வா” என்றாராம் மேற்பார்வையாளர். அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிச் சென்றான். அவர் கேட்டதோ ஆணியும் மரையும் சேர்ந்த இணை. அனைவர் முன்னும் ‘மட்டி’ எனப் பெயர் பெற்றான். அரை நாட் கூலியும் போயிற்று. மட்டி அவனா, அச் சொல்லா?

ஆங்கிலர்க்கே அஃது ஒரு சொல்லன்று. ‘வை’ எனப் பொருள்படும் வினை செருமானியக் கிளையது. தொகுதியைச் சுட்டும் பெயரோ, பின்பற்றுவோரைக் குறித்த இலத்தீனச் சொல் பிரெஞ்சு வழியே வந்து அவ்வினையொடு மயங்கியது. 1989-இல் வெளிவந்த ஆக்சுபோர்டு அகரமுதலியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்றது அவ்வினையே. பொருள்கள் 400-க்கு மேல்! அவர்கள் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். நாமோ தோசைக்கும் செட், நீரிறைக்கும் பொறிக்கும் செட், நண்பர் குழாத்திற்கும் செட். மனம் ஒவ்வாவிடின் ‘செட் ஆகாது’ என்கிறோம்.

திருவள்ளூர்ச் சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியைக் கேளுங்கள். கீரை கட்டு, வெற்றிலை கவுளி, வாழை தாரும் சீப்பும், நுங்கு குலை, தொடுத்த பூ சரம், ஆடு மந்தை. கவுளி என்றதும் இலைக் கணக்கும் உடன் வந்துவிடுகிறது. எழுத்தறியா அவ்வம்மைக்கு ஒருநாளும் பொருள் மயங்கியதில்லை.

கற்ற நாம்தாம் மயங்குகிறோம். நானும் விலக்கல்லேன். சென்ற தேர்வின்போது, “வினாத்தாள் எத்தனை செட் வந்தன?” என்று வாய்தவறிக் கேட்டேன்.

“கட்டா ஐயா, படியா?” என்றார் பள்ளி உதவியாளர்.