தெருநாயும் இடைவீடும்

2025-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் நம் நாட்டு உச்ச நீதிமன்றம், கல்விச்சாலை, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களிற் சேர்க்க வேண்டுமென்றும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாகாதென்றும் ஆணையிட்டது. கேட்ட மாணவர் இரு கட்சியாயினர். கடியுண்டவர் ஒரு பக்கம். சோறிட்டவர் மற்றொரு பக்கம். வெறிநாய்க்கடியின் அறிகுறி தோன்றியபின் உயிர் தப்புதல் அரிதினும் அரிதாகலின், முன்னவரைக் குறைகூற நாம் ஒருப்படோம். பின்னவரை நோக்கியதே இவ்வுரை.

அவ்வாண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் ஆணையில், தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாமென்றும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமற் காப்பது அவர் பொறுப்பென்றும் கண்டிருந்தது. இதனைப் பற்றிக்கொண்டு அன்பர் சிலர், "ஆளுக்கொரு நாயை வீட்டிற்குக் கொண்டுபோவோம், காரியம் முடிந்தது" என்கின்றனர். முடியவில்லை என்பதே நம் கருத்து.

நாயின் நட்பை நாலடியார் புகழும். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் அது ஆண்டானிடம் வாலாட்டுமாம். அது வளர்த்தவனை அறிந்த நாய். தெருவிற் பிறந்து கல்லெறி பட்ட நாய்க்கோ, ஓங்கிய கையெல்லாம் கல்லெறியும் கையே. மின்விசிறி, மாடிப்படி, குக்கரின் ஊதல் யாவும் அதற்குப் புதுமை. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பதினான்காம் வாரம் வரையிற் பழகியவற்றைக் குட்டி எளிதில் ஏற்கும். அப்பருவம் கழிந்ததற்கு ஒவ்வொன்றையும் பொறுமையோடு பழக்க வேண்டும். அஞ்சிய நாயை நேரே குழந்தைகள் உள்ள வீட்டில் விட்டால் கட்டிலின் கீழ் ஒளியும், இழுத்தால் உறுமும், உறுமியதற்கு அடித்தால் மறுமுறை உறுமாமலே கடிக்கும். பத்தாம் நாள் அது மீண்டும் தெருவில். அதன் பழைய இடமோ அதற்குள் வேறு நாய்களின் வசமாகியிருக்கும்.

ஆதலின் தெருவுக்கும் நிலையான வீட்டுக்கும் நடுவே ஓர் இடைவீடு வேண்டும். ஒரு குடும்பத்தார் சில வாரமோ சில மாதமோ வைத்துப் பழக்கி, பின் தகுந்தவரிடம் ஒப்புவிப்பர். இவ்வேலை கடினமன்று, சலிப்புத் தருவது. முதற் சில நாள் ஒரு மூலையிற் கோணி விரித்து, வேளை தவறாது உணவிட்டு, தானாக நெருங்கும் வரை தொடாதிருத்தல். விழித்தவுடனும் உண்டவுடனும் வெளியே அழைத்துச் சென்று, அங்கே கழித்தால் உடனே அவித்த முட்டையில் ஒரு துண்டு தருதல். உள்ளே கழித்துவிட்டால் வாய் பேசாது துடைத்தல். கழுத்துப்பட்டையையும் கயிற்றையும் முதலில் வீட்டினுள்ளேயே பழக்குதல். கதவை மூடி இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் எனத் தனிமையைப் பழக்குதல். இறுதியிற் சொன்னதை அநேகர் மறப்பர். இரவும் பகலும் மடியில் வைத்துக் கொஞ்சிய நாய், தத்துப்போன வீட்டார் அலுவலுக்குச் சென்றதும் கதவைப் பிறாண்டி ஊளையிடுமானால், குற்றம் கொஞ்சியவருடையதே.

ஒப்புவிக்கும்போது, "பரம சாது" என்று கல்யாணத் தரகர்போற் புகழ்தல் தகாது. சைக்கிளைத் துரத்துமா, உண்ணும்போது அணுகினால் உறுமுமா என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிலர் மறுப்பர், மறுக்கட்டும்.

விடுதி மாணவராகிய நாம் அறையில் நாய் வைத்தல் இயலாது, கூடவும் கூடாது. வீட்டிலிருந்து வருவோருள்ளும் பழைய மாணவருள்ளும் நான்கு குடும்பத்தார் முன்வந்தாற் போதும். தடுப்பூசிக்கும் உணவுக்கும் ஆகும் செலவை நாம் பங்கிட்டுக்கொள்வோம். இதற்குத் தலைவரும் காரியதரிசியும் ஆண்டு விழாவும் கொண்ட சங்கமொன்று வேண்டாம்; நம் கலாசாலையிற் சங்கங்களுக்குக் குறைவில்லை. எல்லா நாயும் வீட்டு நாயாகா என்பதையும் ஒப்புகிறோம். வீட்டுக்குள் அடங்காத முதுநாய்கள் காப்பகத்திற்கே போகும். ஆனால் நூலகப் படிக்கட்டிற் படுத்திருக்கும் செவலையும் அதன் இரு குட்டிகளும் மனிதர் கைக்கு அஞ்சாதவை. இவ்விதழ் அச்சேறி வருமுன் அவை பிடிபடாதிருந்தால், இடம் தரக்கூடியவர் தமிழ் வகுப்பில் எம்மிடம் தெரிவிக்க.